அம்மாவின் ஓர் இரவுக்கு எத்தனை வாட்-மணி?

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் அக்டோபர் இரவில், பினாங்கின் ஆயர் ஈத்தாமில் உள்ள எங்கள் வரிசை வீட்டின் மேல் இடி இறங்கியது போன்ற ஓசை கேட்டது. அடுத்த கணம் மின்விசிறி நின்றது, தெருவிளக்கும் அணைந்தது. கைபேசியில் மணி ஒன்று நாற்பது. எதிரறையில் அம்மா முகக்கவசத்தைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறுக்காக அவர் இரவுதோறும் சீபேப் கருவியைப் பொருத்திக்கொண்டுதான் உறங்குவார். மின்சாரம் போனதும் கருவி காற்றை அனுப்புவதை நிறுத்திவிட, மூச்சுத் திணறி விழித்துக்கொண்டார். அன்று காலை எட்டு மணிக்குத்தான் மின்சாரம் திரும்பியது. அதுவரை சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவர் கண்ணயர்வதும், நான் விசிறிமட்டையோடு பக்கத்தில் இருந்து அவர் மூச்சைக் கவனிப்பதுமாகப் பொழுது கழிந்தது. கையடக்கச் சோலார் ஜெனரேட்டர் ஒன்றை வாங்கியே தீருவது என்று அந்த நாற்காலியின் அருகில் உட்கார்ந்துதான் முடிவெடுத்தேன்.

மலேசியாவில் நாம் மின்தடைக்குப் பழகியவர்கள் அல்லர். திருச்சியில் இருக்கும் என் சித்தப்பா வீட்டில் மாடிப்படிக்கடியில் இன்வெர்ட்டரும் பெரிய பேட்டரியும் இருக்கும். நாள்தோறும் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த ஆண்டுகளில் வாங்கியது அது. நமக்கு அப்படிப்பட்ட கட்டாயம் வந்ததில்லை. 1996 ஆகஸ்ட் 3ஆம் தேதி மாலை 5.17 மணிக்குத் திரங்கானுவின் பாக்கா மின்நிலையத்தருகே மின்கடத்தித் தடம் ஒன்று துண்டிக்கப்பட்டுத் தீபகற்பம் முழுவதும் இருண்டதை இன்றும் நினைவுகூர்பவர்கள் பலர். அதை நினைவில் வைத்திருக்கிறோம் என்பதே அது எவ்வளவு அரிது என்பதைக் காட்டுகிறது. ஆனால் தெரு அளவில், தாமான் எனும் குடியிருப்பு அளவில் மின்சாரம் போவது அரிதன்று. 2017 நவம்பர் 4ஆம் தேதி சனிக்கிழமை தொடங்கி மறுநாள்வரை பினாங்கில் கொட்டிய மழையிலும் வீசிய காற்றிலும் மரங்கள் சாய்ந்து, வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்து, பல வட்டாரங்கள் இருளில் கிடந்தன. நம் ஊரில் மின்தடை பெரும்பாலும் புயல்மழையின் கைபிடித்தே வருகிறது. இந்த ஒரு செய்தி பின்னால் என் தேர்வையே மாற்றியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். சோலார் ஜெனரேட்டர் என்ற பெயரில் விற்கப்படும் பெட்டி எதையும் உற்பத்தி செய்வதில்லை. அது ஒரு பேட்டரி, அதிலிருந்து வீட்டு மின்சாரத்தை உண்டாக்கும் ஓர் இன்வெர்ட்டர், சூரியத் தகட்டிலிருந்தும் சுவரிலிருந்தும் மின்னேற்றும் ஒரு கட்டுப்பாட்டுக் கருவி ஆகிய மூன்றும் ஒரே கூட்டுக்குள் அடங்கியது. தகடு பெரும்பாலும் தனி விலை. இதை உணராமல் இணையச் சந்தைகளில் தேடத் தொடங்கியபோது, பெரிய எழுத்தில் போட்டிருந்த வாட் எண்ணைத்தான் நான் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரே நேரத்தில் எவ்வளவு பெரிய சாதனத்தை இயக்க முடியும் என்பதைச் சொல்வது வாட். எவ்வளவு நேரம் இயக்க முடியும் என்பதைச் சொல்வது வாட்-மணி. குழாயின் அகலம் ஒன்று, தொட்டியின் கொள்ளளவு மற்றொன்று. 2000 வாட் என்று தலைப்பில் போட்டுவிட்டுக் கொள்ளளவை அடியில் சிறிய எழுத்தில், அதுவும் மில்லி ஆம்பியர்-மணியில் தருபவர்கள் இருக்கிறார்கள். 200,000 என்ற எண் மலைக்க வைக்கும். ஆனால் அது 3.7 வோல்ட் கணக்கில் தரப்பட்டிருந்தால் 740 வாட்-மணிதான். வாட்-மணியை நேரடியாகச் சொல்லாத பெட்டியை வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அதன்பின் கடைகளை விட்டுவிட்டு வீட்டை அளக்கத் தொடங்கினேன். சுவர்ப் பிளக்குக்கும் சாதனத்துக்கும் நடுவில் செருகும் மின் அளவி ஒன்று சில பத்து ரிங்கிட்டுக்குக் கிடைக்கிறது. இந்த முயற்சி முழுவதிலும் நான் செய்த சிறந்த செலவு அதுதான். ஒரு வாரம் ஒவ்வொரு சாதனமாக அளந்தேன். அம்மாவின் சீபேப் கருவி, ஈரமூட்டியின் சூடாக்கி ஓடும்போது சராசரியாக 50 வாட் எடுத்தது. சூடாக்கியை அணைத்தால் 15 வாட்டுக்கு இறங்கியது. எட்டு மணி நேரத்துக்கு இது 400 வாட்-மணிக்கும் 120 வாட்-மணிக்கும் உள்ள வேறுபாடு. பினாங்கின் காற்றில் இரவில் ஈரப்பதத்துக்குக் குறைவில்லை. ஆயினும் நானாக முடிவெடுக்காமல் மருத்துவமனையில் கேட்டு, மின்தடை இரவுகளில் மட்டும் சூடாக்கியை அணைத்துக்கொள்ளலாம் என்று உறுதி பெற்றேன். இப்படிப்பட்ட கருவியைப் பயன்படுத்தும் எவரும் அவ்வாறே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மற்றவற்றின் கணக்கு இது. நிற்கும் மின்விசிறிகள் இரண்டு, ஒவ்வொன்றும் 40 வாட், எட்டு மணி நேரத்துக்கு 640 வாட்-மணி. இணைய மோடமும் ரௌட்டரும் சேர்ந்து 14 வாட், ஆகவே 112. எல்இடி விளக்குகள் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு 54. மூன்று கைபேசிகளுக்கு 45. குளிர்சாதனப் பெட்டி ஒரு நாள் முழுவதற்கும் 0.9 யூனிட், அதாவது 900 வாட்-மணி எடுத்தது. எட்டு மணி நேரத்துக்கு 300 வாட்-மணி. சீபேப் கருவியின் 120ஐயும் சேர்த்தால் 1271. பேட்டரியின் நேர்மின்சாரத்தை இன்வெர்ட்டர் மாறுமின்சாரமாக்கும்போது ஒரு பகுதி வெப்பமாகப் போய்விடும் என்பதால், பெட்டியின் மேல் எழுதியிருக்கும் கொள்ளளவில் 85 சதவீதமே கைக்கு வரும் என்று வைத்துக்கொள்வது நல்லது. அப்படிப் பார்த்தால் எனக்கு ஏறத்தாழ 1500 வாட்-மணி தேவைப்பட்டது.

அந்த எண்ணை எழுதிய தாளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மொத்தத்தில் பாதி இரண்டு மின்விசிறிகளுக்கே போவது கண்ணில் பட்டது. பெரிய பேட்டரி வாங்குவதற்குப் பதிலாக விசிறியை மாற்றினால் என்ன என்று தோன்றியது. நேர்மின் மோட்டார் கொண்ட விசிறிகள் நடுத்தர வேகத்தில் 18 வாட் அளவில் ஓடுகின்றன. இரண்டுக்கும் சேர்த்து இரவு முழுவதற்கும் 288 வாட்-மணிதான். விசிறிகளுக்குச் செலவழித்த தொகை, ஒரு படி பெரிய பேட்டரிக்குக் கூடுதலாகக் கொடுத்திருக்க வேண்டிய தொகையில் ஒரு சிறு பங்கே. மேலும் அந்த விசிறிகள் மின்சாரம் இருக்கும் நாளிலும் கட்டணத்தைக் குறைக்கின்றன. பேட்டரி வாங்க நினைப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இப்போது இதைத்தான்: உங்கள் வீட்டு விசிறி எத்தனை வாட்?

குளிர்சாதனப் பெட்டியைப் பற்றிய பாடத்தைப் பக்கத்து வீட்டு மாமாவிடம் கற்றேன். நாற்பது ஆண்டுகள் வயர்மேன் வேலை பார்த்தவர் அவர். தன் மகன் முகாமுக்கு எடுத்துச் செல்லும் சிறிய பெட்டியைக் கொண்டுவந்து, எங்கள் பழைய குளிர்சாதனப் பெட்டியை அதில் இணைத்துக் காட்டினார். ஓடும்போது 110 வாட் மட்டுமே எடுக்கும் சாதனம். பெட்டியோ 300 வாட் தரக்கூடியது. ஆனால் கம்ப்ரசர் கிளம்பிய நொடியில் எச்சரிக்கை ஒலி எழுந்து எல்லாம் நின்றது. "ஓடுறதுக்கு எவ்வளவுன்னு மட்டும் பாத்தா போதாதும்மா, கிளம்புறதுக்கு எவ்வளவுன்னு பாக்கணும்" என்றார் மாமா. மோட்டார் நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் ஒரு கணத்தில், ஓடும்போது எடுப்பதைப் போலப் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். இன்வெர்ட்டர் வகைக் குளிர்சாதனப் பெட்டிகள் மெதுவாக வேகமெடுப்பதால் இந்தத் தொல்லை அவற்றில் குறைவு. எங்களுடையது பழைய வகை என்பதால், தொடர்ந்து 1000 வாட்டுக்கு மேலும் கணநேரத்துக்கு 2000 வாட்டும் தரக்கூடிய பெட்டியைத் தேட வேண்டியதாயிற்று. மாமா மற்றொன்றும் சொன்னார்: கதவைத் திறக்காமல் இருந்தால் குளிர்சாதனப் பெட்டி ஏறத்தாழ நான்கு மணி நேரம் குளிரைக் காக்கும், நிறைந்த உறைபெட்டி இரண்டு நாள்கூடத் தாங்கும். ஆகவே அதை இரவு முழுவதும் இணைத்திருக்கத் தேவையில்லை. தேவைப்படும் நேரத்தில் மட்டும் ஓடவிட்டால் 300 வாட்-மணி 150 ஆகிவிடும். அம்மாவின் இன்சுலின் அதில் இருப்பதால் கதவைத் திறக்காமல் வைப்பதை வீட்டில் அனைவருக்கும் சொல்லிவைத்திருக்கிறேன்.

இப்போது மொத்தம் 769 வாட்-மணி. இழப்பையும் சேர்த்தால் ஏறத்தாழ 905. சந்தையில் மிகப் பரவலாகக் கிடைக்கும் 1024 வாட்-மணிப் பெட்டிக்குள் எங்கள் இரவு அடங்கிவிட்டது. அந்த விந்தையான எண் எங்கிருந்து வருகிறது என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன்: 3.2 வோல்ட் மின்கலங்கள் பதினாறைத் தொடராக இணைத்தால் 51.2 வோல்ட், அதை 20 ஆம்பியர்-மணியால் பெருக்கினால் 1024.

3.2 வோல்ட் என்பதே அந்த மின்கலம் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை என்பதற்கான அடையாளம். பழைய பெட்டிகளிலும் எடை குறைந்த சில பெட்டிகளிலும் இருப்பது நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த வகை. அதன் மின்கலம் 3.6 அல்லது 3.7 வோல்ட். இந்த இரண்டுக்கும் நடுவே தேர்ந்தெடுப்பதில் எனக்குச் சிறிதும் தயக்கம் இருக்கவில்லை. இரண்டாவது வகை பொதுவாக ஐந்நூறு முதல் ஆயிரம் முறை ஏற்றி இறக்கினால் தளர்ந்துவிடும். முதல் வகை இரண்டாயிரம், மூவாயிரம் முறைகளைத் தாண்டியும் உழைக்கும். அதைவிட முக்கியமாக, அது வெப்பத்தில் எளிதில் நிலைகுலைவதில்லை. நான் இந்தப் பெட்டியை வைக்கப்போவது அம்மாவின் கட்டிலருகே, பகலில் முப்பத்திரண்டு பாகைக்குக் குறையாத அறையில். 1990களில் அமெரிக்காவில் ஜான் குடினஃப் தலைமையிலான குழு கண்டறிந்த இந்தப் பொருள் நம்மைப் போன்ற வெப்ப நாட்டவர்களுக்காகவே அமைந்தது போல எனக்குத் தோன்றுகிறது. அது சற்று எடை கூடியது என்பது உண்மை. என் பெட்டி பன்னிரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும். அம்மாவால் தூக்க முடியாது. ஆனால் சித்தப்பா வீட்டு 150 ஆம்பியர்-மணி ஈயப் பேட்டரியை இரண்டு ஆண்கள் சேர்ந்துதான் நகர்த்துவார்கள். கணக்குப்படி அது 1800 வாட்-மணி என்றாலும், நீண்டநாள் உழைக்க வேண்டுமானால் பாதியளவே பயன்படுத்த வேண்டும். வடிநீர் ஊற்றுவது, மின்னேறும்போது வெளிவரும் ஹைட்ரஜனுக்குக் காற்றோட்டம் அமைப்பது ஆகிய வேலைகளும் உண்டு.

வாங்குமுன் சரிபார்த்த வேறு சிலவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு விற்பனையாளர்களிடம் விலை மலிவாக இருப்பவை பல அமெரிக்கச் சந்தைக்கான 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் பெட்டிகள். நமக்கு வேண்டியது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், மூன்று கால் பிளக். மின்சாரத்தின் அலை, வளைந்து சீராக ஏறி இறங்கும் தூய சைன் வடிவில் இருக்க வேண்டும். படிக்கட்டு வடிவ அலையில் மோட்டார்கள் முனகிச் சூடாகும், மருத்துவக் கருவியை அதில் இணைப்பதே தவறு. ஈகோஃப்ளோ, புளூட்டி, ஜாக்கரி, ஆங்கர் போன்ற பெயர்களில் எதை எடுத்தாலும், உத்தரவாதத்தை மலேசியாவிலேயே ஏற்கும் முகவர் உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தக் கொள்ளளவுள்ள லித்தியம் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். கைப்பையில் 100 வாட்-மணி, விமான நிறுவனம் ஒப்பினால் 160 என்பதே வழக்கமான வரம்பு. சென்னையிலிருந்து வாங்கி வரலாம் என்று என் தம்பி சொன்ன யோசனை அதனால்தான் நின்றுபோனது.

எந்த விளம்பரமும் சொல்லாத ஒரு செய்தியை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். பல பெட்டிகளில் மின்சேமிப்பு முறை ஒன்று தொழிற்சாலையிலேயே இயக்கப்பட்டிருக்கும். இணைத்த சாதனம் மிகக் குறைவாக மின்சாரம் எடுத்தால், எதுவும் இணைக்கப்படவில்லை என்று கருதிப் பெட்டி தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். சூடாக்கி அணைக்கப்பட்ட சீபேப் கருவி எடுப்பது 15 வாட். முதல் சோதனை இரவில், மின்சாரம் இருக்கும்போதே வெள்ளோட்டமாகக் கருவியை மட்டும் இணைத்துவிட்டு அருகில் படுத்திருந்தேன். நள்ளிரவுக்குப் பின் பெட்டி ஓசையின்றி அணைந்தது. பேட்டரியில் தொண்ணூறு சதவீதம் இருந்தது! அந்த முறையை நீக்குவது செயலியில் ஒரு நிமிட வேலை. ஆனால் அறியாமல் விட்டிருந்தால், நம்பி உறங்கிய இரவில் அது நடந்திருக்கும். உயிரோடு தொடர்புடைய கருவிக்காக இதை வாங்குபவர்கள் தயவுசெய்து ஓர் இரவு முழுவதும் விழித்திருந்து சோதித்துப் பாருங்கள். பிறகு சீபேப் கருவிக்கென்றே விற்கப்படும் நேர்மின் கம்பி ஒன்றை வாங்கி இன்வெர்ட்டரையே தவிர்த்துவிட்டேன். இன்வெர்ட்டர் சும்மா விழித்திருப்பதற்கே மணிக்குப் பத்து முதல் இருபது வாட்-மணி உண்ணும். விசிறிகளை அணைத்துவிட்ட குளிர்ந்த மழையிரவில் அந்தச் சேமிப்பு சிறியதன்று.

இனி தகட்டுக்கு வருகிறேன். மின்தடை இடியும் மழையுமாக வரும் ஊரில், மின்சாரம் போன நாளன்று வானமும் மூடியிருக்கும். இரவில் போனால் தகட்டுக்கு வேலையே இல்லை. முதல் இரவைக் காப்பது தகடு அன்று. புயலுக்கு முன்பே சுவரிலிருந்து முழுதாக ஏற்றி வைத்த பேட்டரிதான். தகடு இரண்டாம் நாளுக்கானது. ஆகவே கையிலிருக்கும் பணத்தை முதலில் கொள்ளளவில் போட வேண்டும், மிஞ்சினால் தகடு வாங்க வேண்டும். தகட்டோடு சேர்த்துத் தள்ளுபடியில் விற்கப்படும் சிறிய பெட்டிகளை நான் விலக்கியது இதனால்தான்.

ஆயினும் 2017ஐப் போன்ற வெள்ளம் மீண்டும் வந்தால் ஓர் இரவோடு முடியாது என்பதால், 200 வாட் மடக்குத் தகடு ஒன்றைப் பின்னர் வாங்கினேன். அதில் 200 வாட் வந்ததே இல்லை. ஆய்வுக்கூடத்தில் சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளியும் 25 பாகைத் தகட்டு வெப்பமும் இருக்கும்போது கிடைக்கும் அளவு அது. நம் வெயிலில் தகடு அறுபது பாகையைத் தொடும்; 25க்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். தெளிந்த நண்பகலில் நான் கண்ட உச்சம் 148 வாட். பிற்பகலில் மேகம் திரளும் மாதங்களில் காலை ஒன்பது முதல் ஒரு மணி வரைதான் நமக்கு உறுதியான நேரம். அந்த நான்கு மணி நேரத்தில் 460 வாட்-மணி அளவு சேர்ந்தது. மூடிய வானத்தில் 20, 30 வாட்டோடு நின்றுவிடும். என் ஓர் இரவை மீட்க இத்தகைய தகடுகள் இரண்டு வேண்டும்.

வெளிநாட்டுக் காணொளிகளில் தகட்டைச் செங்குத்தாகச் சாய்த்து நிறுத்துவார்கள். பினாங்கு நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்து பாகைக்குச் சற்றே வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இங்கே தகட்டை ஏறத்தாழ மட்டமாகக் கிடத்துவதே சரி; மழைநீர் வழிந்தோடச் சிறு சாய்வு போதும். அடுக்குமாடி வீட்டுப் பால்கனிக் கம்பியில் தொங்கவிட்டால், உச்சி வெயில் தகட்டின் விளிம்பை உரசிக்கொண்டு இறங்கிவிடும். ஜெலுத்தோங்கில் பதினோராம் மாடியில் இருக்கும் என் தோழி கேட்டபோது, தகட்டை மறந்துவிட்டு அந்தப் பணத்தில் பெரிய பேட்டரி வாங்கும்படி சொன்னேன். நிழலிலும் கவனம் வேண்டும்: எங்கள் மாமரத்தின் ஒரே ஒரு கிளையின் நிழல் தகட்டின் மூலையில் விழுந்தபோது 130 வாட் 50க்கு இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன். இரண்டு தகடுகளைத் தொடராக இணைக்கும்போது அவற்றின் திறந்தசுற்று மின்னழுத்தம் (எதனோடும் இணைக்காத நிலையில் தகடு காட்டும் மின்னழுத்தம்) ஒன்றோடொன்று கூடும். கூட்டுத்தொகை பெட்டி ஏற்கும் வரம்பைத் தாண்டினால் உள்சுற்று எரியும். இரண்டு எண்களும் தகட்டின் பின்புற ஒட்டியிலும் பெட்டியின் கையேட்டிலும் இருக்கும்.

பெட்ரோல் ஜெனரேட்டர் பாதி விலைக்கு அதிக மின்சாரம் தருமே என்று சிலர் கேட்டார்கள். பசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் திறந்த வெளியில் ஓடும் அந்த இயந்திரத்தை வரிசை வீட்டின் முன்கூடத்திலோ பால்கனியிலோ வைக்கவே கூடாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவர்களை எழுப்பாமலே கொன்றுவிடும். மூச்சுக் கோளாறு உள்ளவர் இருக்கும் வீட்டில் இதைப் பேசுவதற்கே எனக்கு மனம் வரவில்லை.

எந்தப் பெட்டியையும் இரண்டு முனைகளிலும் பிளக் உள்ள கம்பி கொண்டு சுவர்த் துளையில் செருகி வீட்டுக் கம்பிகளுக்கு மின்சாரம் கொடுக்க முயலக் கூடாது. செருகாமல் வெளியே இருக்கும் பிளக்கின் கால்களில் 230 வோல்ட் இருக்கும். தெருக் கம்பியைப் பழுது பார்ப்பவருக்கும் அது ஆபத்து. நீட்டிப்புக் கம்பி ஒன்று போதும். மாமா சொன்ன இன்னொரு பழக்கத்தையும் கடைப்பிடிக்கிறேன்: இடி இடித்து விளக்கு அணைந்தால் முதலில் பக்கத்து வீட்டைப் பார்க்க வேண்டும். அங்கே விளக்கு எரிந்தால், மின்னலின் அதிர்வில் நம் வீட்டுக் கசிவுமின் தடுப்பான் விழுந்திருக்கவே வாய்ப்பு அதிகம். வேறு கோளாறு இல்லையெனில் அதை மேலே தூக்கிவிட்டாலே போதும்.

இப்போது பெட்டி அம்மாவின் கட்டிலுக்கு இடப்பக்கம், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, விசிறித் துளைகள் மறைபடாதபடி இருக்கிறது. எப்போதும் சுவரில் செருகியே வைத்திருக்கிறேன். நீண்டநாள் முழு ஏற்றத்தில் வைத்தால் பேட்டரியின் ஆயுள் சற்றுக் குறையும் என்பது தெரிந்ததே. அதற்காக, மழை குறைந்த மாதங்களில் உச்ச அளவைத் தொண்ணூறு சதவீதத்தில் நிறுத்துகிறேன், அக்டோபர் பிறந்ததும் நூறுக்கு மாற்றுகிறேன். சில ஆண்டுகளின் ஆயுளைச் சேமிப்பதற்காக ஓர் இரவை இழக்க நான் ஆயத்தமாக இல்லை.

நான் அலுவலகத்தில் இருக்கும்போது அம்மா தனியாக இயக்க வேண்டுமே என்பதற்காக, பொத்தான்களுக்கருகில் தமிழில் எழுதி ஒட்டினேன். "சுவர் மின்சாரம்", "கார்ப் பிளக்" என்றெல்லாம் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, "எனக்கு எதும்மா வேணும், அத மட்டும் எழுது" என்றார். ஆகவே அவற்றையெல்லாம் கிழித்துவிட்டு, கருவியின் கம்பி செருகப்பட்டிருக்கும் பொத்தானுக்கு மேல் மட்டும் சிவப்பு மையில் "மூச்சு" என்று எழுதி வைத்தேன். மாதத்தின் முதல் ஞாயிறு இரவு சுவர்ப் பிளக்கை நானே பிடுங்கிவிடுகிறேன். அம்மா அந்தப் பொத்தானை அழுத்திவிட்டுப் படுக்கிறார். சென்ற மாதம் விசிறி, விளக்கு, மோடம், பாதி நேரக் குளிர்சாதனப் பெட்டி எல்லாம் சேர்த்து, காலை ஆறு மணிக்குத் திரையில் 11 சதவீதம் மீதமிருந்தது. நான் எழுந்து அதைக் குறித்துக்கொண்டபோது அம்மா இன்னும் உறங்கிக்கொண்டிருந்தார்.